தென்காசி டூ நெல்லை, தினமும் 110 கி.மீ: பாக்கெட்டைக் கடிக்காத, ஓட்டவும் ஜாலியான கார் எது?

வீடு தென்காசியில், வேலை நெல்லையில். காலையில் 55 கிலோமீட்டர், சாயங்காலம் 55 கிலோமீட்டர். கையில் கொஞ்சம் சம்பளம் நிற்க ஆரம்பித்ததும், இந்த ரூட்டில் பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை தவறாமல் வரும்: ஒரு கார் வாங்கிட்டா என்ன?

வாங்கலாம். ஆனால் எந்த கார் என்று நாலு பேரிடம் கேட்டால் தலை சுற்றிவிடும். மாமா “மைலேஜ் மட்டும் பாரு” என்பார். ஆபீஸ் நண்பர் “எஸ்யூவி எடு, அப்பத்தான் ரோட்டுல மரியாதை” என்பார். யூடியூபைத் திறந்தால், சன்ரூஃப் இல்லையென்றால் அது காரே இல்லை என்கிற அளவுக்குப் பேச்சு போகிறது. தினமும் இரண்டரை மணி நேரத்தை ஸ்டீயரிங் பிடித்தபடியே கழிக்கப் போகிறவருக்கு இது எதுவும் பெரிதாக உதவாது.

மைலேஜ் வேண்டுமென்றால் ஜாலியை மறந்துவிட வேண்டும், ஜாலி வேண்டுமென்றால் பெட்ரோலுக்கு அழ வேண்டும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. இது தப்பு. எடை குறைவான, உயரம் குறைவான சின்ன கார் குறைவாகக் குடிக்கும். அதே காரணத்தால்தான் வளைவில் சொன்ன பேச்சையும் கேட்கும். ஷோரூமில் நிற்கும் பெரிய வண்டியின் மீது கண் போகும்போது இதுதான் முதலில் மறந்துபோகிறது.

யார் இந்த 110 கி.மீ. ஆட்கள்?

2019 நவம்பர் 22-ம் தேதி தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆட்சியர் அலுவலகம் வந்துவிட்டது. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி, பெரிய தனியார் மருத்துவமனைகள், பாளையங்கோட்டைக் கல்லூரிகள், தென்காசி சாலையிலேயே அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், கங்கைகொண்டான் சிப்காட் எல்லாம் நெல்லைப் பக்கம்தான். எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. நெல்லையில் குடியிருந்துகொண்டு தென்காசி அரசு அலுவலகங்களுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மத்தளம்பாறையில் சோஹோ வந்த பிறகு ஐடி வேலைக்காக மேற்கே வருகிற கூட்டமும் சேர்ந்துகொண்டது.

சாலையும் மாறியிருக்கிறது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகப் போகும் நெல்லை - தென்காசி சாலை பல வருஷம் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த இருவழிச் சாலை. நான்குவழிப் பணி இழுத்தடித்ததில் இந்தப் பக்கத்துக்காரர்கள் தின்ற புழுதி கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அகலமான ரோடு கிடைத்ததும், சொந்தமாக ஓட்டிப் போகலாமே என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது.

முதலில் மாசக் கணக்கு

ஒரு நாளுக்கு 110 கி.மீ, மாதம் 24 வேலை நாள் என்று வைத்தால் 2,640 கி.மீ. வருஷத்துக்கு 31,680. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து எல்லாம் சேர்த்தால் 35,000-ஐத் தொட்டுவிடும்.

நிஜத்தில் லிட்டருக்கு 20 கி.மீ தரும் பெட்ரோல் கார் என்றால் மாதம் 132 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 13,200 ரூபாய். ஏழு லட்சம் ரூபாய் லோனை 9% வட்டியில் ஐந்து வருஷத்துக்குப் போட்டால் மாச டியூ சுமார் 14,500. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸுக்கு மாதம் நாலாயிரமாவது எடுத்து வைக்க வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 32,000 ரூபாய். சம்பளம் 40,000 என்றால், காருக்காகத்தான் வேலைக்குப் போகிறோம் என்று அர்த்தம்!

எனவே கசப்பான ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். செங்கோட்டை - நெல்லை பாசஞ்சர் ரயிலின் மாத சீசன் டிக்கெட், காரில் ஒரு நாள் போய்வரும் பெட்ரோல் காசுக்குள் அடங்கிவிடும். ரயில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகச் சுற்றிப் போகும், நேரம் கூடும். ஆனாலும் வீடும் ஆபீஸும் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்து, ஷிஃப்ட் நேரமும் ரயில் நேரமும் ஒத்துப்போகிறவர்கள் இதற்கு மேல் படிக்காமலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆலங்குளத்துக்காரருக்கும் பாவூர்சத்திரத்தைச் சுற்றிய கிராமத்துக்காரருக்கும் நைட் ஷிஃப்ட் நர்ஸுக்கும் அந்த வசதி இல்லை. கார் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

மைலேஜ் எண் காட்டும் மாயம்

லிட்டருக்கு 12 கி.மீ தரும் வண்டியிலிருந்து 16 தரும் வண்டிக்கு மாறினால் 4 கி.மீ லாபம். 20-லிருந்து 24-க்கு மாறினாலும் 4 கி.மீ லாபம். இரண்டும் சமம் என்று தோன்றும். மாதம் 2,640 கி.மீ ஓட்டத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாற்றத்தில் 220 லிட்டர் 165 ஆகக் குறைகிறது, மிச்சம் 55 லிட்டர். இரண்டாவதில் 132 லிட்டர் 110 ஆகிறது, மிச்சம் 22 லிட்டர்தான்.

அதாவது பெரிய வண்டியை விட்டு சின்ன வண்டிக்கு வருவதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. சின்ன வண்டிகளுக்குள்ளேயே 22-ஆ 25-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் லாபம் குறைவு. அந்த மூன்று கிலோமீட்டருக்காக மனசுக்குப் பிடிக்காத, ஓட்டினால் கொட்டாவி வருகிற வண்டியை வாங்கி ஐந்து வருஷம் அவதிப்படத் தேவையில்லை.

விளம்பரத்தில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அது ஆய்வகத்தில் ரோலர் மேல் வண்டியை ஓட்டி எடுத்த கணக்கு. அந்தச் சோதனையில் வேகம் 90 கி.மீ-ஐத் தாண்டாது. ஏசி ஓடாது, எதிர்க்காற்று வீசாது, ஆலங்குளத்தில் ஆடு குறுக்கே வராது. அதில் நாலில் மூன்று பங்கு முதல் ஐந்தில் நாலு பங்கு வரை கையில் கிடைத்தால் நியாயமானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. பங்க்கில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20-க்கு என்றே டியூன் செய்யப்பட்ட புதிய கார்களில் மைலேஜ் இழப்பு 1-2% தான் என்றும், மற்ற கார்களில் 3-6% வரை இருக்கலாம் என்றும் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. பழைய கார் வாங்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாரல் காற்று சும்மா வீசவில்லை

வெளியூர் ரிவ்யூக்காரர்கள் யாரும் பேசாத விஷயம் ஒன்று இந்த ரூட்டில் இருக்கிறது. காற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடங்களில்தான் இடைவெளி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துகளில் புகுந்து வேகம் எடுத்துத் தமிழகப் பக்கம் பாயும். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவதும், சுரண்டை, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் இதே காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது மேற்கிலிருந்து கிழக்கே வீசும். தென்காசிக்காரர் காலையில் நெல்லைக்குப் போகும்போது முதுகில் தள்ளும். சாயங்காலம் திரும்பும்போது நெஞ்சில் மோதும்.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நஷ்டமும் சரியாகிவிடாதா? ஆகாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80 கி.மீ வேகத்தில் போகும் காருக்கு 30 கி.மீ எதிர்க்காற்று வந்தால், காரைப் பொறுத்தவரை அது 110 கி.மீ வேகக் காற்று. எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பின்காற்றில் அது 50 கி.மீ காற்று, எதிர்ப்பு நாற்பது சதவீத அளவுக்கு இறங்கும். கூட்டிப் பாதியாக்கினால் காற்றே இல்லாத நாளைவிடச் சுமார் 14% அதிகம். சாயங்காலம்தான் காற்று பொதுவாக வேகம் பிடிக்கும் என்பதால் நடைமுறையில் நஷ்டம் இன்னும் கூடத்தான் செய்யும்.

உயரமான, அகலமான, பெட்டி மாதிரி மூஞ்சி வைத்த எஸ்யூவி இந்தக் காற்றைப் பிளக்கத் திணறும். பக்கவாட்டுக் காற்றில் லேசாக அலையும். தாழ்வான ஹேட்ச்பேக்குக்கும் செடானுக்கும் அந்தத் தொல்லை குறைவு. “கிரவுண்ட் கிளியரன்ஸ் வேணுமே?” என்ற கேள்வி வரும். நெல்லை ரோட்டுக்கு வேண்டாம். தோட்டத்துக்குள் தினமும் வண்டியை இறக்குகிறவருக்கு வேண்டும்.

அதே வர்க்கக் கணக்கு வலது காலுக்கும் பொருந்தும். 80-ல் போவதை 100 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். இந்த ரூட்டில் ஊர், சிக்னல், வேகத்தடை எல்லாம் கழித்து நிம்மதியாகப் போகக்கூடிய தூரம் 40 கி.மீ என்று வைத்தால், மிச்சமாவது ஆறே நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தைப் பேட்டை நெரிசல் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

ஜாலி எதுக்கு? வேலைக்குத்தானே போறோம்!

இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் ஜாலியான கார் என்றால் பறக்கிற கார் என்று அர்த்தம் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திரும்பும், பிரேக்கை மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்று காலுக்குத் தெரியும், பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் மூன்றாவது கியரில் இழுக்கும். ஓட்டுபவரை விழிப்போடு வைத்திருக்கும். எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு இருட்டில் 55 கி.மீ ஓட்டுகிறவருக்கு இது ஆடம்பரச் செலவு இல்லை.

நான்குவழிச் சாலையில் நடுவில் மீடியன் இருந்தாலும், இடைவெளி கிடைக்கிற இடத்தில் எல்லாம் எதிர்த்திசையில் பைக் வரும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகும் லோடு வேன்கள் விடியற்காலையில் ரோட்டோரம் நிற்கும். தென்காசியிலிருந்து கடையநல்லூர், ராஜபாளையம் பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அது பெரும்பாலும் மீடியனே இல்லாத தேசிய நெடுஞ்சாலை 744. 2025 நவம்பரில் இடைகால் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதிய விபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

வார இறுதிக்கு வேறொரு ஜாலி இருக்கிறது. செங்கோட்டை தாண்டி புளியரை, அங்கிருந்து எஸ் வளைவு, ஆரியங்காவு, தென்மலை. மெட்ரோ நகரத்துக்காரர்கள் லீவு போட்டு வந்து ஓட்டுகிற மலைப்பாதை, தென்காசிக்காரருக்கு வீட்டுக் கொல்லைப்புறம். 900 கிலோ ஹேட்ச்பேக் ஒன்று அந்த வளைவுகளில் தரும் சந்தோஷத்தை ஒன்றேகால் டன் எஸ்யூவி தராது. கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் அதே வளைவில் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம்: கேரளாவில் பெட்ரோல் விலை நம்மைவிட அதிகம். புளியரைக்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுங்கள்.

சரி, எந்த கார்?

விலையில் முதலில் ஒரு கோட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட தமிழ்நாட்டு வாகன வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13%. 10 லட்சத்தைத் தாண்டினால் 18%. அதாவது 9.9 லட்சம் காருக்கு சுமார் 1.29 லட்சம் வரி, 10.2 லட்சம் காருக்கு சுமார் 1.84 லட்சம். முப்பதாயிரம் ரூபாய் கூடுதல் வேரியன்ட்டுக்கு ஆசைப்பட்டால் வரியில் மட்டும் 55,000 போகும். சேல்ஸ்மேன் இதைத் தானாகச் சொல்வது அபூர்வம். மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கும், 1,200 சிசி வரையிலான பெட்ரோல் காருக்கும் 1,500 சிசி வரையிலான டீசல் காருக்கும் ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்திருக்கிறது. அரசின் வரி அமைப்பே சின்ன காரைப் பார்த்துக் கை காட்டுகிறது.

இந்த வட்டத்துக்குள் முதல் பெயர் மாருதி ஸ்விஃப்ட். 2024-ல் வந்த மாடலின் எடை சுமார் 920 கிலோ. மேனுவலுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் 24.8. நிதானமாக ஓட்டினால் 20-ஐத் தாண்டுவது கஷ்டமில்லை. ஆறு ஏர்பேக்கும் இஎஸ்பி-யும் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. குறை என்னவென்றால், பழைய நாலு சிலிண்டர் என்ஜினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டரை வைத்துவிட்டார்கள். ஊருக்குள் தெரியாது. ஹைவேயில் முந்தப் போகும்போது பழைய ஸ்விஃப்ட் ஓட்டியவர்களுக்கு அந்த இனிமை குறைந்தது தெரியும். அந்த நாலு சிலிண்டர் சுகம் வேண்டுமென்றால் பலேனோ எடுக்கலாம். 90 பிஎஸ், அமைதியான என்ஜின், பின் சீட்டில் இடமும் தாராளம். மலைப்பாதையில் ஸ்விஃப்ட் தரும் சுறுசுறுப்பு மட்டும் அதில் கொஞ்சம் குறைவு. நெல்லை ரூட்டுக்கு மட்டும் என்றால் பலேனோ, ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவும் வேண்டுமென்றால் ஸ்விஃப்ட்.

குடும்பத்தோடு போகிறவர்கள், பாதுகாப்பு மதிப்பெண்தான் முக்கியம் என்பவர்கள் டிசையரைப் பார்க்கலாம். ஸ்விஃப்ட்டின் அதே என்ஜின்தான். 2024 நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி அது.

டீசல் செத்துவிட்டதா? இந்த மாதிரி ஓட்டத்துக்கு இன்னும் சாகவில்லை. இந்தியச் சந்தையில் டீசல் என்ஜினோடு மிச்சமிருக்கும் ஹேட்ச்பேக் டாடா ஆல்ட்ராஸ் மட்டும்தான். 1.5 லிட்டர் என்ஜினின் 200 என்எம் இழுவை, முந்தும்போது கியரையே மாற்ற விடாது. பெட்ரோல் ஆல்ட்ராஸைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் கூடுதல். மாதம் 2,640 கி.மீ ஓட்டினால் அந்தப் பணம் மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடும். மாதம் ஆயிரம் கி.மீ மட்டுமே ஓட்டுகிறவருக்கு வராது. பிஎஸ்6 டீசலின் புகை வடிகட்டிக்குச் சூடான நீண்ட ஓட்டம் தேவை. ஊருக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொண்டு தொல்லை தரும். தினமும் 55 கி.மீ நிற்காத ஓட்டம் அதற்கு மருந்து மாதிரி. சென்னையில் தப்பான தேர்வு, தென்காசியில் சரியான தேர்வு!

சிஎன்ஜி? கணக்கில் லாபம்தான். ஆனால் உங்கள் வழியில் பங்க் எங்கே, வரிசை எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவை கேஸ் நிரப்ப அரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் சேமித்த காசுக்கு ருசி இருக்காது. கேஸில் ஓடும்போது இழுவை குறைவதால் ஜாலியும் கொஞ்சம் குறையும்.

லிட்டருக்கு 27 கி.மீ சொல்லும் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்கள் ஊர் நெரிசலில்தான் ஜொலிக்கும். ஒரே வேகத்தில் போகும் ஹைவேயில் அவற்றின் லாபம் சுருங்கிவிடும். விலையும் அந்த 10 லட்சக் கோட்டுக்கு ரொம்ப தூரம் மேலே.

எலெக்ட்ரிக்: கரன்ட் பில் பயம் நியாயமா?

தென்காசிக்குப் பெருநகரங்களில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. சொந்த வீடு, வாசலிலேயே வண்டி நிறுத்த இடம். சென்னை அபார்ட்மென்ட்டில் சார்ஜர் வைக்க அசோசியேஷனிடம் கெஞ்ச வேண்டும். இங்கே 15 ஆம்ப் பிளக் ஒன்று போதும், ராத்திரி போட்டால் காலையில் ரெடி.

24 கிலோவாட்-ஹவர் பேட்டரி டியாகோ இவி-க்குச் சோதனைச் சாலையில் 315 கி.மீ என்றார்கள். நிஜத்தில் 200-ஐ ஒட்டி வந்தாலும் 110 கி.மீ-க்குத் தாராளம், எதிர்க்காற்றுக்கும் மிச்சம் உண்டு. சிக்னலில் கிளம்பும்போது கிடைக்கும் உடனடி இழுவையை ஒருமுறை அனுபவித்தவர்கள் பெட்ரோலுக்குத் திரும்பத் தயங்குவார்கள்.

செலவில் ஒரு தமிழ்நாட்டுச் சிக்கல் இருக்கிறது. நமக்கு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும், ஆயிரத்தைத் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். இரண்டு மாதம் 5,280 கி.மீ ஓட்ட, சார்ஜிங் இழப்பையும் சேர்த்துச் சுமார் 740 யூனிட் வேண்டும். ஏற்கெனவே 300 யூனிட் எரிக்கும் வீடு என்றால் மொத்தம் 1,040. பில் கூடுவது ஏறத்தாழ 6,500 முதல் 7,000 ரூபாய். “ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது” என்ற விளம்பரக் கணக்கு இங்கே எடுபடாது, ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால் அதே இரண்டு மாதத்துக்குப் பெட்ரோல் கார் 26,400 ரூபாய் குடித்திருக்கும். பயம் புரிகிறது, ஆனால் கணக்கு எலெக்ட்ரிக் பக்கம்தான். மொட்டை மாடியில் சோலார் போடுகிறவர்களுக்கு இன்னும் லாபம். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

அதற்காக எல்லோருக்கும் இவி என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் இருப்பதே ஒரு கார், திடீரென்று மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும் என்றால், சின்ன பேட்டரி இவி ராத்திரியில் நெஞ்சைப் பதற வைக்கும். வீட்டில் அப்பாவின் பழைய பெட்ரோல் கார் ஒன்று நிற்கிறது, இரண்டாவது வண்டி ஆபீஸுக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவி.

செகண்ட் ஹேண்டில் புதையலும் உண்டு, பொறியும் உண்டு

முதல் வேலை, முதல் கார் என்றால் மேலே போட்ட 32,000 ரூபாய்க் கணக்கை உடைக்க ஒரே வழி பழைய கார். மாருதி 2020 ஏப்ரலில் டீசலை விட்டது. ஃபோக்ஸ்வேகன் போலோ 2022-ல் நின்றது. ஃபோர்டு 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஓட்டுவதை ரசிக்கிறவர்கள் இன்றும் தேடுவது இந்த மூன்றைத்தான்: ஸ்விஃப்ட் டீசல், போலோ, ஃபிகோ. ஸ்விஃப்ட்டில் இருந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் என்ஜினைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் இந்தப் பக்கம் இருக்க மாட்டார். போலோவும் ஃபிகோவும் ஓட்டுவதற்கு அதைவிட இனிமை. ஆனால் தினமும் 110 கி.மீ ஓடும் வண்டிக்கு ஒரு பாகம் கிடைக்க ஒரு வாரம் ஆனால், அந்த ஒரு வாரமும் பஸ்தான். ஆசையை ஓரம் கட்டிவிட்டு ஸ்விஃப்ட் டீசலை எடுப்பது புத்திசாலித்தனம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடியை மூழ்கடித்த வெள்ளத்தில் நின்ற கார்கள் எத்தனையோ. அவற்றில் சில பாலிஷ் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை. புரோக்கர் அண்ணாச்சி எவ்வளவு சத்தியம் செய்தாலும் கீழே விரித்திருக்கும் கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு இருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை தெரிகிறதா, இன்சூரன்ஸ் கிளைம் வரலாறு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். டிஎன் 72, டிஎன் 69 வண்டிகளை ஒதுக்க வேண்டாம், இரண்டு தடவை பார்த்தால் போதும்.

அப்புறம் டயர். வருஷம் 32,000 கி.மீ என்றால் ஒன்றரை வருஷத்துக்கு ஒரு செட் மாற்ற வேண்டிவரும். சீசன் நேரத்தில் குற்றாலம் ரோடு நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். மொட்டையாகிப்போன டயரோடு அங்கே பிரேக் அடிப்பது தற்கொலைக்குச் சமம். புது காருக்கு மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கி.மீ வாரன்டி என்றால், இந்த ஓட்டத்தில் மூன்று வருஷத்துக்குள் லட்சம் கி.மீ-ஐ நெருங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். கூடுதல் வாரன்டி வாங்கும்போது வருஷத்தைப் பார்க்காமல் கிலோமீட்டரைப் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவை இப்படிக் கேளுங்கள்

ஷோரூமிலிருந்து கிளம்பி அடுத்த யூ-டர்னில் திரும்புகிற இரண்டு கிலோமீட்டரில் எந்த காரும் நல்ல கார்தான். ஆலங்குளம் வரை போக வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அடுத்த ஷோரூம் இருக்கிறது. முடிந்தால் வேலை முடிந்து களைத்த பிறகு, இருட்டியதும் போங்கள். ஹெட்லைட் வெளிச்சம் போதுமா, எதிர்வண்டியின் ஹைபீம் கண்ணைக் கூசும்போது ஏ-பில்லர் எதையாவது மறைக்கிறதா, அரை மணி நேரத்துக்குப் பிறகு இடுப்பும் கிளட்ச் மிதிக்கும் காலும் என்ன சொல்கின்றன என்று கவனியுங்கள். ஆடி மாசமாக இருந்தால் ரொம்ப நல்லது. திரும்பி மேற்கே வரும்போது நான்காவது கியரில் எதிர்க்காற்று எப்படி இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மறக்காமல் ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள், மைலேஜ் மீட்டரைக் கிளம்பும்போதே சைபரில் வைத்துவிடுங்கள்.